அமானிதமாக வந்த நாய்

உதுமாலெவ்வைக்கு நாய் பிடிக்கும் என்று மருதமுனையில் யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. ஐந்து வருடங்கள் ஒரு நாயை வளர்த்த காலத்திலும் சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே வட்டை எனப்படும் வயல்வெளியில் அவருக்கு வேலை. போடிமாராகிய நிலக்காரர்களின் வயல்களுக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் திருப்புவார், வேளாண்மைப் பயிருக்குள் இறங்கும் மாடுகளை விரட்டுவார், வாடி என்ற சிறு குடிசையில் காவல் இருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களை ஆழமானவர்கள் என்று எண்ணுவது உலக வழக்கம். இவர் விஷயத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது. சொல்வதற்கு அவரிடம் அதிகம் இருக்கவில்லை.

சுனாமிக்குச் சில நாட்கள் கழித்து, பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து இளையதம்பி அவரைத் தேடி வந்தார். மீன்பிடிப்பவர். அறுவடைதோறும் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார். உதுமாலெவ்வையைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். பழக்கம் அவ்வளவுதான். வீட்டையும் தோணியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு மனைவியோடு பள்ளிக்கூட முகாமில் இருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், அதற்குள் ஒரு நாய்க்குட்டி. சிக்கிக் கிடந்த வலையை அறுத்து அவர்தான் எடுத்திருந்தார். தாய் நாய் பக்கத்தில் கட்டிய சங்கிலியோடு செத்துக் கிடந்ததாம். அல்சேசன் சாதி.

“காக்கா, முகாமில நாய் வெச்சிருக்க விடுறாங்க இல்ல. வீடு கட்டிற மட்டும் பாத்துக்கங்க.”

உதுமாலெவ்வை குட்டியின் பாதங்களைப் பார்த்தார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள்.

“இது கண்டுக்குட்டி மாதிரி வளரும் போல இரிக்கே.”

“அது வளர முதல் வீடு கட்டிருவன்.”

இருவரும் இதை நம்பினார்கள்.

இஸ்லாமிய மார்க்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். ஆசைக்கு நாய் வளர்ப்பது கூடாது, பயிர்க்காவலுக்கென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆகவே குட்டி வாடிக்குப் போனது. அவருடைய மனைவி சரீபா வேலியோரம் ஒரு வாளி மண் வைத்தார். கழுவி முடித்தால்தான் கணவருக்கு உள்ளே சோறு.

“உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?”

“அமானிதம் புள்ள.”

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்தது, கேட்கும்போது குறைவில்லாமல் திருப்பிக் கொடுக்கவேண்டியது. அதன்பிறகு சரீபா வாதாடவில்லை. சின்ன வாளியை எடுத்துவிட்டுப் பெரிய வாளி வைத்தார்.

நாய் இடுப்பளவு வளர்ந்தது. காவல் மட்டும் வரவில்லை. எருமைகளைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு போய் அவற்றோடு சேற்றில் படுத்தது. காற்றில் ஆடும் வெருளிப் பொம்மையைக் கண்டு வாடிக்குள் ஒளிந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மிஹ்லார் ஹாஜியாருக்கும் அந்த வட்டையில் வயல் உண்டு. வரும்போதெல்லாம் கேட்பார்.

“என்ன உதுமாலெவ்வ, நாய் வேல செய்யிதா?”

“படிக்கிது ஹாஜியார்.”

“போன போகத்திலயும் படிச்சிச்சே?”

“பாடம் கூடிப்போச்சு.”

அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைப்பது உரியவர் வேலை. ‘இளையதம்பிட நாய்’ என்றே சொன்னார். ஒருமுறை அதற்குச் சொறி பிடித்து, கல்முனையில் மிருக வைத்தியரிடம் கூட்டிப் போகையில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். யாருடைய நாய் என்று கேட்டான் சிப்பாய். பாண்டிருப்பில் ஒரு தமிழருடையது என்றார். அந்தத் தமிழர் யார், எங்கே இருக்கிறார், அவருடைய நாய் உன்னிடம் ஏன் என்று கேள்விகள் நீண்டன. மத்தியானம்வரை வெயிலில் இருத்திவிட்டு அனுப்பினார்கள்.

“நம்மட நாய் எண்டு செல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பானுகளே” என்றார் சரீபா.

“நம்மட இல்லியே.”

தன்னுடையதல்லாத ஒன்றை மனிதன் தன்னுடையதைவிடக் கவனமாகப் பார்ப்பதுண்டு. அது அன்பா பயமா என்று பிரித்துச் சொல்வது கடினம். உதுமாலெவ்வை பிரித்துப் பார்க்க முயன்றதாகத் தெரியவில்லை.

அதிகாரிகள் கடற்கரையோரம் கட்டக்கூடாது என்றார்கள், மாற்றுக் காணிக்கு அலைய வைத்தார்கள். இளையதம்பியின் வீட்டுக்குக் கூரை ஏறியது யுத்தம் முடிந்த வருடத்தில்தான். அடுத்த கிழமையே அவர் வந்தார்.

“நீங்க தொழுகிற ஆள். இதோட என்ன கரைச்சல் பட்டிருப்பீங்க! இனிக் கொண்டு போறன் காக்கா.”

“ஓம். நானே கொண்டாறன்” என்றார் உதுமாலெவ்வை.

அன்று அவர் தன்னுடைய சோற்றையும் நாய்க்கே வைத்தார். சரீபா பார்த்துக்கொண்டிருந்தார்.

“காவலுக்கு வேணும் எண்டு கேளுங்களேன். அவர் தருவார்.”

“அது எங்க காவல் காக்கிது? பொய் செல்லி அமானிதத்த வெச்சிருக்க ஏலா.”

வேறு காரணம் சொல்லிக் கேட்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவுமில்லை.

மறுநாள் நாயைக் குளிப்பாட்டி, பழைய பேசினையும் எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்கு நடந்தார். புது வீட்டு வாசலில் இளையதம்பி நாயைச் சுற்றிவந்து பார்த்தார்.

“அடேயப்பா! காவலுக்கு நல்லமோ?”

ஒப்படைக்கும் பொருளின் குறையை மறைக்கக்கூடாது.

“ஒண்டுக்கும் ஏலா. மாட்டக் கண்டா வாலாட்டும். வெருளிக்குப் பயம். கள்ளன் வந்தா அவன்ட காலடியில படுக்கும்.”

“அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்கு வெச்சிருந்தீங்க?”

“நீங்க தந்தீங்க.”

“தந்தன் சரி. இப்ப ஏன் சங்கிலிய விடுறீங்க இல்ல?”

உதுமாலெவ்வை தன் கையைப் பார்த்தார். சங்கிலி மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தது. எப்போது சுற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்ப்பதில் அவசரம் காட்டவில்லை.

இளையதம்பி அந்த விரல்களையும் நாயையும் பார்த்தார்.

“விடுங்க காக்கா. எனக்குக் காவல் காக்கிற நாய்தான் வேணும். இது சரிவராது.”

“நாய்க்குக் கொட்டிலும் கட்டிப்போட்டு என்ன கதை இது?” என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கரத்தினம்.

“கொட்டிலுக்க கோழி விடுவம். நீ சும்மா இரு.”

உதுமாலெவ்வை அசையவில்லை. “அப்ப எனக்குத் தந்திட்டன் எண்டு வாயால செல்லுங்க.”

“தந்திட்டன்.”

“ஏத்துக்கிட்டன்.”

“கலியாணம் மாதிரிக் கிடக்கு” என்றார் தங்கரத்தினம்.

நன்றி என்று எதுவும் சொல்லாமல், பேசினையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு திரும்பினார். வயலுக்குப் போகும் பாலத்தில் மிஹ்லார் ஹாஜியார் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“உரிய ஆளுக்குக் குடுத்தாச்சு எண்டாங்க?”

“குடுத்தன். அவர் எனக்கே தந்திட்டார்.”

“அப்ப இன்னும் படிக்கிதா?”

உதுமாலெவ்வை யோசித்தார்.

“இல்ல ஹாஜியார். அதுக்குப் படிப்பு ஏறா.”

“பிறகு என்னத்துக்கு வெச்சிருக்காய்?”

“நம்மட நாய்.”

ஹாஜியார் நாயைப் பார்த்தார். அது அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது.

“கைய ஒழுங்காக் கழுவு” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.