முந்நூற்றொன்று காட்டிய கைபேசி

போன மாரியில், விசுவமடுவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். விடியமுன் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வந்து இறங்குவேன். அன்று செருப்பைக் கழற்றவும் தெம்பில்லை. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் கணவருக்கு இன்சுலின் போட வேண்டும்.

அவர் வயல் செய்கிறவர். சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து அதன் கணக்கெல்லாம் என் தலையில்தான். மூன்று நாள் காலைச் சீனியின் சராசரி இருநூறைத் தாண்டினால் மட்டும் ஊசியில் நான்கு அலகு கூட்டும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் இருந்த சின்னக் கல்குலேட்டர், அமத்துகிற ஒழுங்கிலேயே கணக்குப் பார்க்கும். மூன்று எண்ணையும் கூட்டிக்கொண்டு போய் அப்படியே மூன்றால் பிரித்தால் போதும். அது கூரை ஒழுக்கில் நனைந்து செத்துப்போனதால், அதே பழக்கத்தில் கைபேசியில் அமத்தினேன்: 124 + 131 + 138 ÷ 3. முந்நூற்றொன்று என்று காட்டியது. இருநூறைத் தாண்டிவிட்டதே என்று நான்கு அலகு கூட்டி ஊசியில் மருந்தை இழுத்தேன்.

"பொறும். மூண்டு நாளும் எவ்வளவு வந்தது?" என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"ஒண்டும் நூற்றைம்பதைத் தொடேல்லை. பிறகு எப்பிடியப்பா சராசரி முந்நூறு வரும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஃபோன் பிழை விடுமே? நானே களைச்சுப்போய் வந்திருக்கிறன், பேசாமல் இருங்கோ."

"ஃபோன் களைக்காது. நீர்தான் களைச்சுப்போனீர். திருப்பிப் பாரும்" என்று சிரித்தார்.

இந்த முறை கூட்டி முடித்து, சமன் அமத்தி, பிறகு பிரித்தேன். நூற்று முப்பத்தொன்று. கைபேசி பிழை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல் பிரித்தலை முதலில் செய்து, கடைசி எண்ணை மட்டும் மூன்றால் பிரித்துவிட்டுப் பிறகு கூட்டியிருக்கிறது. ஊசியைக் கீழே வைத்தேன். நித்திரையில் அவருக்குச் சீனி இறங்கியிருந்தால், அடித்துப்போட்டதுபோல் கிடக்கும் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கதிரையில் இருந்து அழுதேன். அவர் குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போதும் களைத்துத்தான் வருகிறேன். ஆனால் ஊசியைத் தொடமுன் எண்ணைச் சொல்லி, "சரியோப்பா?" என்று அவரைக் கேட்கிறேன். அவருடைய உடம்பின் கணக்கை அவரிடம் ஒரு வார்த்தை கேளாமலேதான் அதுவரை பார்த்து வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.