நைனாவுக்குச் சொன்ன முடிவு

என் நைனா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் கிரேனை ஓட்டினார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பாரிமுனையிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். எனக்கு என்றுதான் அம்மாவிடம் சொன்னார். அதோடு வந்த ஒரே சிடியில் ஒரு ஜப்பான் விளையாட்டு இருந்தது. சண்டை குறைவு, கதை அதிகம். கடல் ஏறி ஏறி ஊர்களை விழுங்குகிறது. அதை நிறுத்த ஒரு பெண் நான்கு நண்பர்களோடு கிளம்பிப் போகிறாள். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். நைனாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் பொத்தானை அழுத்துவார்.

காலை ஷிப்ட் முடிந்து, குளித்தும் போகாத கரியோடு மூன்று மணிக்கு உட்காருவார். சண்டை வந்தால் என்னிடம் தள்ளிவிடுவார். அவருக்கு அந்த ஊர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மலைச்சரிவில் அந்தப் பெண்ணை அரைமணி நேரம் சும்மா நிறுத்தி வைத்திருந்தார்.

"புல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது பாரு. இத எவனோ உக்காந்து வரைஞ்சிக்கிறான் பாப்பா."

"கதை நகரணும் நைனா."

"நகரும், இரு."

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதே இல்லை. ஒருநாள் திரையின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்று டிவியைத் துண்டால் துடைத்தார். அடுத்த மாதமே கிரேனில் ஏற முடியாமல் லீவு போட்டார். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். லேசர் வைத்தார்கள். நான்காவது முறை போனபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றார். வெளியே பெஞ்சில் இருந்த நைனா, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"சொட்டு மருந்து மாத்திக் குடுத்துக்கிறாரு. சரியாவ கொஞ்ச நாள் ஆவுமாம்," என்றேன்.

அதற்குப் பிறகு பொத்தான்கள் என் கைக்கு வந்தன. படத்தையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது வரவில்லை. மலை என்று சொன்னால் விடமாட்டார். "இன்னா மலை? ஈரமா கீதா, காஞ்சி கீதா?" என்பார். நான் நிறுத்தி, உற்றுப் பார்த்துச் சொல்வேன்.

கதையின் முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. கடல் வடிய வேண்டுமென்றால் அந்தப் பெண் கடலுக்கடியிலேயே தங்கிவிட வேண்டும். நண்பர்களைக் கரையில் விட்டுவிட்டு அவள் தண்ணீருக்குள் நடந்தாள். என் பக்கத்தில் நைனா முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

"கடல் வடிஞ்சிடுச்சி நைனா. அவளும் கரைக்கு வந்துட்டா. எல்லாரும் ஊருக்குப் போறாங்க."

முடிவில் ஓடிய பாட்டை அவர் கடைசிவரை கேட்டார்.

"ஊருக்குப் போறவங்களுக்கு இப்பிடியா பாட்டு போடுவான்?"

நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். தடவித் தேடி என் தலையில் கை வைத்தார்.

"அவ வரலதான?"

"வரல."

"போவும்போது மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

சிரிக்கப் பார்த்தாள், ஆனால் உதடு நடுங்கியது என்றேன்.

"சரி. ஆஸ்பத்திரில டாக்டரு சொன்னதையும் சொல்லிடு."

அதையும் சொன்னேன். சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"இத்தினி நாளா நீ ஒருத்தியே வெச்சினு இருந்தியா," என்றார் நைனா.

அடுத்த வாரம் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் அவர் பேனாவைப் பிடித்து வைத்தேன். சில மாதங்களில் வெளிச்சமும் போனது. மறுபடி விளையாடலாமா என்றால் வேண்டாம் என்பார். பேச்சும் குறைந்துவிட்டது. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்தேன். நான்காவது வருடம் சிறுநீரகம் கெட்டு நைனா இறந்துபோனார்.

அன்றைக்குப் பொய்யைச் சரியாகச் சொல்லியிருந்தால், பார்வை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இன்னும் கொஞ்ச நாளாவது இருந்திருப்பாரோ என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"அவரு கேட்டாரு, நீ சொன்ன. வேற இன்னா பண்ணுவ?" என்றாள் அம்மா.

அன்று எல்லாம் காதில் விழுந்தும் அவள் ஏன் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை என்று நான் கேட்கவில்லை.