மூடியில் ஒட்டிய மணி

எங்கள் அக்கா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னார்களே என்று நிம்மதியாக இருந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்த பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "கடையை என்ன செய்யப் போற?" இந்தக் கட்டுரையை என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சாத்தூரில். தியாகராய நகரில் ஒரு துணிக்கடை வேலைக்கு அப்பா வந்தபோது அக்கா பாவாடை கட்டிய சிறுமி, நான் கைக்குழந்தை. அம்மா அப்போதே இறந்துவிட்டார்கள். பிறகு மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகும் சந்து ஒன்றில் நூல், ஊசி, பொத்தான் விற்கும் சிறிய கடையை அப்பா போட்டார். அதற்கு அம்மாவின் பெயரை வைத்தார். அக்கா பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு முழுப் பொறுப்பும் அவர்களுடையதே. எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். தங்களுக்கு வந்த வரன்களைத் தட்டிக் கழித்துவிட்டார்கள். பாசிமணி, சம்கி, ஜரிகை, கொலுவுக்கும் சீர்த்தட்டுக்கும் வேண்டிய அலங்காரச் சாமான் என்று கடையை வளர்த்ததும் அக்காதான். முன்னால் நின்று பேசுவது அக்கா, உள்ளே உட்கார்ந்து பொட்டலம் போடுவது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருங்குடிப் பக்கம் மனை பார்க்க என் கணவர் எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். மனை நன்றாகத்தான் இருந்தது. காற்று திரும்பியதும் நாற்றம் வந்தது. கொஞ்ச தூரத்தில் ஊர்க் குப்பை மலையாகக் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. பாதையோரம் ஒரு பசு எதையோ மென்றபடி நின்றது. அதன் வாயிலிருந்து ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. எங்கள் கடைப் பை. அம்மாவின் பெயரில் பாதி வெளியே தெரிந்தது.

அக்கா போய் அதை இழுத்துப் பார்த்தார்கள். பசு விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார்கள். "சின்னவளே, இனிமே நம்ம கடையிலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பை வெளிய போகக் கூடாது."

"ஜனங்க வேற கடைக்குப் போயிடுவாங்கக்கா."

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனா அம்மா பேரை மாடு மெல்லுறதை இன்னொரு தடவ பாக்க முடியாது."

மறுநாளே பை நின்றது. சந்தில் மற்ற கடைகளெல்லாம் கலர் கலராகப் பை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "ஒரு கவர்கூட தர மாட்டீங்களா? அப்புறம் எதுக்குக் கடை வச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. "தோள்ல ஒரு பை சும்மா தொங்குதே, அதுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். சீர்த்தட்டுக்குத் தெர்மக்கோல் விற்பதையும் அக்கா நிறுத்தி, சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளையே வெட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்யாண சீசனில் கடை முன்னால் கூட்டமே இல்லை. கடை நிலைக்குமா என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி வந்தது.

அக்கா ஒரு பிழையும் செய்தார்கள். பிளாஸ்டிக்கை ஒழிக்கும் வேகத்தில் ஜரிகையையும் பழைய செய்தித்தாளில் மடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா காலத்தில் ஜரிகையைத் தாளில் வைத்ததே இல்லை. ஐப்பசி மழை பிடித்தது. ஒரு நாள் மயிலாப்பூர் மாமி வந்து ஜரிகைப் பொட்டலத்தை எல்லார் முன்னாலும் பிரித்து வைத்தார். கோயில் மூர்த்திகளுக்கு வஸ்திரம் தைப்பவர், அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குபவர்.

"ஏம்மா, இது ஜரிகையா, அடுப்புக் கரியா? வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளுக்குத் தைக்கலாம்னு ஆத்துல எடுத்துண்டு உக்காந்தா கையெல்லாம் கறுப்பு. நீ பிளாஸ்டிக் வேண்டாம்னப்போ நன்னாப் பண்றேன்னு சொன்னவளே நான்தான். என் தலையிலயே கை வெச்சுட்டியே!"

அக்கா சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னுதுதான் மாமி" என்றார்கள். உள்ளே இருந்த ஜரிகையைப் பிரித்துப் பார்த்தோம். மழை ஈரத்தில் தாளோடு ஒட்டி எல்லாம் கறுத்திருந்தது. மாமிக்கும், கறுத்த ஜரிகையோடு திரும்பி வந்த மற்றவர்களுக்கும் புதிது வரவழைத்துக் கொடுத்தார்கள். பிறகு பை வியாபாரிக்கு ஆள் அனுப்பினார்கள், அம்மாவின் பெயர் அச்சடிக்காத வெறும் பிளாஸ்டிக் பை போதும் என்று.

அன்று சாயங்காலம் கடையை மூடும்போது அக்கா திடீரென்று கேட்டார்கள்: "பேரு இல்லாட்டி மட்டும் அது மாட்டு வயித்துக்குப் போகாதா?" பை வேண்டாம் என்று மறுபடியும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சந்து முனையில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ இருந்தது. ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாக்களை அவர்கள் கூடை கூடையாக வெளியே கொட்டுவார்கள். மூடி இறுக்கமானது, தண்ணீரே புகாது. தினமும் அதைத் தாண்டிப் போகும் அக்காவின் கண்ணில் அந்த வாரம்தான் அது பட்டது.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, குப்பைய வந்து கேக்குற? இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"பாசிமணி போட்டு விக்கப் போறேன்."

"அப்போ என் கடை குப்பைய எனுக்கே வித்துடுவ போலக்கீதே!"

டப்பாவைக் கழுவிக் காயவைத்து மணியும் சம்கியும் போட்டோம். ஜரிகையை ஈரம் ஏறாத வெண்ணெய்த்தாளில் சுற்றி உள்ளே வைத்தோம். அடுத்த மழையில் அது கறுக்கவில்லை. காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்தால் அதிலேயே மறுபடி நிரப்பிக் கொடுப்போம். ஒரு சங்கடம்தான். வெளியே எல்லாம் கறுப்பு, உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. வந்தவர்களெல்லாம் என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு மூடியின் மேலும் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து ஒட்டி வைத்தேன். பச்சை மணி இருந்தால் மூடியில் ஒரு பச்சை மணி.

அக்கா பார்த்துவிட்டு, "வாயைத் தெறக்காம வியாபாரம் பண்ண வழி கண்டுபிடிச்சிட்டியேடி!" என்று சிரித்தார்கள்.

போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் டப்பாவோடு வந்தவர்கள் நிலைத்தார்கள். கடையும் நிலைத்தது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில், "கடையில யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டார்கள்.

"பூட்டியிருக்கேன்க்கா."

"நீ போய் நில்லு."

"எனக்குப் பேச வராதுக்கா."

"யாரு பேசச் சொன்னா? மூடியைக் காட்டு, போதும்."

அக்கா போன பிறகு கடையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. துக்கம் விசாரிக்க மயிலாப்பூர் மாமியும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை, எழுந்து போய்விடுவார்கள். மாமி வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"சொல்லிக்கப்படாதும்பா. நான் சொல்லிண்டுதான் போறேன். போயிட்டு வரேன். காரியம் முடிஞ்சதும் கடைக்கு வருவேன், காலி டப்பா நெறைய இருக்கு. தெறந்து வை."

காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். மாமி வந்தார்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அபிராமபுரம் சித்திக்கும், ஃபிலிம் காலம் முழுக்க டப்பாக்களை எடுத்து வைத்த ஸ்டுடியோக்காரருக்கும், எல்லாவற்றிலும் உடனிருந்த என் கணவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காரியங்களுக்கு வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கடை இருக்கிறது. முன்னால் நான்தான் நிற்கிறேன். உங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் மணி ஒட்டிய கறுப்பு டப்பா இருந்தால் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். நான் அதிகம் பேசவில்லையே என்று தயவுசெய்து வருத்தப்பட வேண்டாம். மூடியைக் காட்டுங்கள், போதும்.