மேலே தூவும் பொடி

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஒரு எஸ்பிரஸோ மெஷின் இருக்கிறது. வருகிறவர்கள் அதை ஏதோ புது மாதிரி தண்ணீர் ஃபில்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்தித் திருத்தித்தான் நான் கெட்டேன். அதைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அப்போது என் மனைவிக்கு மிச்சமிருந்ததே இரண்டு மாதம்தான்.

நான் பதினாறு வருஷம் வளைகுடாவில் இருந்தவன். மன்னார்குடியிலிருந்து கடல் பக்கம் போகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் அப்படிப் போய் வந்தவர்கள். மற்றவர்கள் கட்டட வேலை, கடை வேலை என்று இருந்தார்கள். எனக்கு வாய்த்தது ஒரு பெரிய ஓட்டலின் காபி கவுண்டர். எஸ்பிரஸோ என்றால் இரண்டு விரல் உயரம், கறுப்பு, மேலே தேன் நிறத்தில் மெல்லிய ஆடை. இருபத்தைந்து விநாடியில் வடிய வேண்டும். தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். இதைக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒருமுறை என் மனைவி போனில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்வந்த கதையைச் சொல்லும்போது, "எக்ஸ்பிரஸ் காபி போட்டிருந்தாங்க" என்றாள்.

"எக்ஸ்பிரஸ்னா ரயிலு. எஸ்பிரஸோன்னு சொல்லு."

"சரிங்க தொரை" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு என்னை வம்புக்கு இழுக்கவே எக்ஸ்பிரஸ் என்று சொல்வாள். நானும் விடாமல் திருத்துவேன்.

நான் ஊரோடு வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தஞ்சாவூரில் மருந்து ஏற்றினோம். இரண்டாவது தடவை ஏற்றிய பிறகு வாயெல்லாம் புண். நோன்புக் கஞ்சி என்றால் இரண்டு கிண்ணம் குடிக்கிறவள், அதையும் தள்ளி வைத்தாள். இளநீர், ரசஞ்சாதம், கரைத்த பிஸ்கட் எதுவும் உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் முதலில் எடை மெஷினில் ஏற்றுவார்கள். நான் முள்ளைப் பார்க்க மாட்டேன், நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன்.

"வெயிட் இதுக்கு மேல எறங்குனா அடுத்த மருந்து ஏத்த முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "அவங்க வாய்க்கு எது கேக்குதோ அதைக் குடுங்க. ஆற வச்சுக் குடுங்க. எதுவா இருந்தாலும் சரி, உள்ள போகணும்."

திரும்பி வரும்போது வழி நெடுக சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. காரின் பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தவள், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எக்ஸ்பிரஸ் காபி குடிக்கணும் போல இருக்குங்க."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாய் ஒன்றைக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியும் பாழாய்ப்போன நாக்கு சும்மா இருக்கவில்லை. "எஸ்பிரஸோ" என்றேன்.

"ஆமா, அதுதான்" என்றாள்.

அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர் கடை ஒன்றில் வாங்கிவந்து கொடுத்திருக்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் செத்துப்போன எஸ்பிரஸோவைப் பேப்பர் கப்பில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டது என் மனைவி, போட்டுக் கொடுக்கப் போகிறவன் நான். சரியாகச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

எத்தனை பார் பிரஷர் என்று பார்த்தேன். பதினைந்து என்று போட்டிருப்பான். படித்துப் பார்த்தால் ஒன்பதுதான் உண்மையில் தேவை. எங்கள் ஊரில் வயல் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும், அதைத் தாங்குமா என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். போர் தண்ணீர் உப்பு; உள்ளே படிந்து அடைத்துவிடும், அதனால் கேன் தண்ணீர்தான் என்று தீர்மானித்தேன். கொட்டையை வீட்டிலேயே அரைப்பதா, அரைத்த தூளா? ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் கூப்பிடும்வரை இதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்குப் பிடிமானமாக இருந்தது அந்த மெஷின்தான். கட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காபியைப் பற்றித் தெரியும்.

கடைசியில் இரண்டு மெஷினில் வந்து நின்றது. ஒன்று சின்னது, பக்கவாட்டில் பால் நுரைக்கிற ஆவிக்குழாய் வைத்தது, மறுநாளே வந்துவிடும். இன்னொன்று குழாய் இல்லாதது, எஸ்பிரஸோ மட்டும் போடும், ஆனால் முதல் தரமாகப் போடும். அது வர ஒரு வாரம் ஆகும். பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து, லாத்தா லாத்தா என்று அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்த என் மனைவியின் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "பால் கொழா வச்சதையே வாங்குங்க மச்சான்" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? அது பொம்மை" என்றேன். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மெஷின் வந்தது. முதல் நாள் ஏழு தடவை போட்டுக் கொட்டினேன். எட்டாவது சரியாக இருபத்தைந்து விநாடியில் வடிந்தது. ஓட்டலில்கூட அப்படி ஒன்று போட்டதில்லை. வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, ஆற வைத்து, கட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

அவள் கோப்பைக்குள் பார்த்தாள். "மேல பொடி போடலையா?"

"பொடி உள்ளேயே போட்டாச்சு. பதினெட்டு கிராம். அதுலேருந்துதான் இது எறங்குது" என்று ஆரம்பித்து, தூளை அழுத்துவது, தண்ணீர் சூடு என்று முழுப் பாடமும் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு மிடறு குடித்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

நான் நம்பினேன். தினமும் காலையில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். தினமும் குடித்தாள். புண்ணான வாயில், அந்தக் கசப்பை, துளித் துளியாக, நான் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்வரை. பால் இல்லை, சீனி இல்லை. சீனி போட்டால் ருசி கெட்டுவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பினார்கள். பிறகு நாங்கள் தஞ்சாவூர் போகவே இல்லை. சம்பா கதிர் வாங்குகிற சமயத்தில் அவள் மவுத்தாகிவிட்டாள்.

பால் காபி அவளைக் காப்பாற்றியிருக்காது. அது எனக்குத் தெரியும், டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். இதைத் தினமும் ஒருமுறையாவது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்றும் குறையவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து மன்னார்குடியில் ஒரு கல்யாணம். சொந்தம், போகாமல் இருக்க முடியாது. சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தால், பந்தலோரம் ஒரு மேஜையில் உருண்டையான பெரிய எவர்சில்வர் மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முன்னால் ஒட்டிய அட்டையில் சிவப்பு எழுத்தில் 'எக்ஸ்பிரஸ் காபி'. என் வயதுள்ள ஒருவர் பால் ஜக்கைக் குழாயில் பிடித்து நுரை கிளப்பி, பேப்பர் கப்பில் ஊற்றினார். பிறகு மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல பொடி போடட்டுங்களா?"

நான் அந்த டப்பாவையே பார்த்தேன். வரிசையில் பின்னால் இருந்தவர், "போடச் சொல்லுங்க பாய், அதான ருசி" என்றார். சாக்லேட் பொடி. நுரைமேல் பழுப்பாக விழுந்தது.

அந்தக் கப்பை அப்படியே பிடித்துக்கொண்டு பெண்கள் பக்க வாசலுக்குப் போய், மைத்துனியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் வந்தாள். முதலில் என் முகத்தையும் பிறகு கப்பையும் பார்த்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"லாத்தா சொல்லக் கூடாதுன்னுடுச்சு மச்சான். அவ்வளவு பாத்துப் பாத்து வாங்குறாங்க, நீ ஒண்ணும் சொல்லிடாதன்னுச்சு."

"சீனியும் பாலும் போட்டு இது ஒண்ணுதான் அவ கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒங்களுக்கே ஞாபகம் வந்துடும்னு நெனச்சுச்சு." அவள் அழ ஆரம்பித்தாள். "ஒங்க கல்யாணத்தன்னைக்கு லாத்தா காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அது ஒங்க காதுக்கு வந்து, நீங்கதான மச்சான் எங்கிட்ட குடுத்து விட்டீங்க? பொண்ணு பசியா இருக்கும், இதைக் குடு, மேல பொடி நெறையப் போடச் சொல்லியிருக்கேன்னு. அந்தக் காபியைத்தான் அது கேட்டுச்சு."

எனக்கு ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். பந்தல் ஞாபகம் இருக்கிறது, பிரியாணி ஞாபகம் இருக்கிறது, என் சட்டையில் மாலைக் கறை பட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காபி மட்டும் வரவில்லை. எஸ்பிரஸோ இருபத்தைந்து விநாடியில் வடிய வேண்டும் என்பது மறக்கவே இல்லை.