நாய்க்குப் பயப்படாத மான்

மான்குட்டி வளர்த்த புண்ணியவதி என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லுகிறவர்களின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

உடையார்கட்டில் எங்கள் வயல் காட்டோரம். அறுவடை நாள் காலை, வெட்டு மெசின் இறங்குவதற்கு முன் வரம்பைப் பார்க்கப் போனேன். புல்லுக்குள் ஒரு புள்ளிமான் குட்டி சுருண்டு கிடந்தது. கிட்டப் போயும் அசையவில்லை. தாய் செத்திருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குட்டியை இப்படிப் படுக்கவைத்துவிட்டுத்தான் தாய்மான் மேயப் போகும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

என் கணவர் வனசீவராசிகள் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்.

"எடுத்த இடத்திலையே விடட்டாம். நாளைக்கும் தாய் வராட்டில் தாங்கள் வந்து கொண்டுபோவினமாம். மனுசரோடையும் நாயோடையும் பழக விடாமல் வளர்க்கிற ஆக்கள் இருக்கினமாம்."

"அவைக்கு என்ன தெரியும்? இது தாயில்லாப் பிள்ளை. நான் வளர்ப்பன்," என்றேன்.

அன்று பின்னேரம் ஒரு பெண்மான் வயல் கரையில் வந்து நின்று கத்தியது. குவித்த நெல்லைத் தின்ன வந்திருக்கிறது என்று நினைத்து, யானையை விரட்ட வைத்திருந்த வெடியில் ஒன்றைக் கொளுத்தி எறிந்தேன். அடுத்த நாளும் வந்தது. இன்னொன்று எறிந்தேன். பிறகு வரவில்லை. நான் கெட்டிக்காரி அல்லவா!

பால்மா கரைத்துப் பருக்கியதில் குட்டிக்கு வயிற்றாலே போய்ச் சாகக் கிடந்தது. ஆட்டுப்பாலில் பிழைத்தது. அதைக் கண்டு உறுமிய எங்கள் நாயை அடித்துப் பழக்கினேன். ஒரு மாதத்தில் இரண்டும் ஒரே சாக்கில் படுத்தன. கழுத்தில் ஒரு மணி கட்டினேன். புதுக்குடியிருப்பிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நாயையும் மானையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வளர்க்கத் தெரிந்தவர்கள் கையில் போயிருந்தால், நாயைக் கண்டால் ஓட வேண்டும் என்றாவது அது படித்திருக்கும்.

வளர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பயற்றங்கொடியை மேய்ந்தது. சண்டை வந்தது. இனிக் காட்டில் பிழைத்துக்கொள்ளும் என்று கொண்டுபோய்க் காட்டோரத்தில் விட்டோம். மணியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, காலையில், நாய்களோடு வேட்டைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் சைக்கிளில் வந்தான். கையில் அந்த மணி.

"அக்கா, இது உங்கடைதானே? எல்லாம் முடிஞ்ச பேந்துதான் கழுத்தில மணியைக் கண்டனான். என்ர நாயள் பாய்ஞ்சு வர, அது ஓடேல்லை அக்கா. வாலை ஆட்டிக்கொண்டு அதுகளுக்குக் கிட்டப் போனது. இப்பிடி ஒரு மானை நான் காணேல்லை. நாலு நாயும் சேந்து உயிரோடையே பிச்சுப்போட்டுதுகள்."

சைக்கிளில் ஒரு பை தொங்கியது. எங்களுக்கு இறைச்சியில் ஒரு பங்கு கொண்டுவந்திருக்கிறான். எங்கள் நாய் அந்தப் பையை மோந்து பார்த்து வாலை ஆட்டியது.

"தாயில்லாப் பிள்ளையடா அது! பாவி, உனக்கு நெஞ்சில ஈரமில்லையா?" என்று கத்தினேன்.

என் கணவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தாய் இருந்தது," என்றார். "ரெண்டு நாள் வந்து நிண்டு கத்தினது. நீர்தான் வெடி எறிஞ்சனீர்."