பெஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவில் எங்களுக்குக் கொடுத்த தகர வீட்டில் அம்மா முதலில் செய்த காரியம், அப்பா படுக்கும் மரப்பெஞ்சின் ஓரத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்ததுதான். தண்ணீர் ஆடினால் நிலம் ஆடுகிறது, மேட்டுக்கு ஓட வேண்டும். எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் சும்மா இருக்கவில்லை.

அங்கே நில அதிர்வுக்கு ஜட்கா என்று பெயர். நாங்கள் ஓடுவோம். பக்கத்து வீட்டார் வாசலில் நின்றபடி, "ஜட்கா ஒங்க வீட்டுக்கு மட்டுந்தான் வருதோ?" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. தண்ணீரில் வட்டம் எழும், அடங்கும், மறுபடி எழும், ஒரே சீராக. கடலோடு போனவர்கள் அடியிலிருந்து தட்டுகிறார்கள் என்றே நம்பினேன்.

ஒரு மத்தியானம் அப்பா பீடி பற்றவைக்க எழுந்து போனார். தண்ணீர் நின்றுவிட்டது. திரும்பி வந்து படுத்தார். ஆடத் தொடங்கியது. அம்மா அவர் மார்பில் கை வைத்துத் தண்ணீரைப் பார்த்தாள்; இரண்டும் ஒரே தாளத்தில் அடித்தன.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அப்பாவின் மணிக்கட்டில் பேனா போன்ற ஒரு கருவியை வைத்து கம்ப்யூட்டரில் பார்த்தார். கையில் காட்டும் பிரஷர் வேறு, இதயத்தை ஒட்டிய பெரிய குழாயில் இருப்பது வேறு, இவருக்கு உள்ளேதான் அதிகம் என்றார். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். வெளியே வந்ததும் அவரே எங்களுக்கு விளக்கினார்: "உள்ளுக்கு இருக்கிற கொழாய் காஞ்ச ரப்பர் மாதிரி ஆகிருச்சாம். இழுபடாதாம்."

டாக்டர் கொடுத்த மாத்திரையில் தண்ணீர் மெல்ல அடங்கியது. பிறகு ஊரில் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தபோது நார்மல் என்று காட்ட, அப்பா தாமாகவே மாத்திரையை நிறுத்தினார். "கையில டீக்கா, சரியாத்தானே இருக்கு. பின்ன என்னத்துக்கு?"

அம்மா டம்ளரைக் காட்டினாள். "இத பாருங்க, மறுபடி ஆடுது."

"ஜட்காவா இருக்கும் புள்ள" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மழை விடாத ஒரு காலையில் அம்மா டீயோடு அப்பாவிடம் போனாள். தண்ணீர் அசையாமல் இருந்தது. "மாத்திர போட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் மார்பில் கை வைத்தாள், அங்கேயும் எதுவும் ஆடவில்லை.

இப்போது நிரந்தர வீட்டில் இருக்கிறோம். பெஞ்சும் டம்ளரும் கூடவே வந்தன. தண்ணீர் ஆடும் நாட்களில் நான் வெளியே நின்று கத்துவேன். அம்மா ஓடி வருவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா படுத்த இடத்தில் கையை வைத்துக்கொள்கிறாள்.