வறண்ட திரி

மாமா கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை. தோட்டத்தில் குவித்திருந்த சருகைக் கொளுத்த ஒரு வாரமாகக் காத்திருந்தார்.

"என்ன மேடம், இன்னைக்காவது பச்சை போடுவீங்களா?"

"உங்களுக்காகவெல்லாம் முள்ளைத் திருப்ப முடியாது. மதியம் அளந்துட்டுத்தான்."

"கட்டின புருஷனுக்கே இந்தக் கறாரா! ஊர்க்காரங்க பாவம்."

அத்தையின் வேலை அதுதான். காட்டோர வானிலைக் கூடத்தில் காற்றின் வேகத்தையும் ஈரத்தையும் அளப்பாள். சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு சாலை முக்கிலுள்ள பலகையில் தீ அபாய முள்ளைத் திருப்பி வைப்பாள். பச்சை என்றால் குப்பை கொளுத்தலாம். சிவப்பு என்றால் வெளியே தீக்குச்சிகூட உரசக் கூடாது.

ஈரத்தை அளக்க இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் துணித்திரி சுற்றியிருக்கும். திரியின் நுனி தண்ணீர்க் குப்பிக்குள் கிடக்கும். வறண்ட காற்று திரியின் ஈரத்தை உறிஞ்சினால் அந்த வெப்பமானி மட்டும் குளிர்ந்து இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆபத்து.

அன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. முந்தின நாள் மாலை தூறியிருந்தது. கூடத்து மரநிழலில் சருகு இன்னும் நமுத்திருந்தது. காற்றும் அசையவில்லை. அத்தை பச்சை வைத்தாள்.

குப்பியைக் காலையில் அவள்தான் நிரப்பியிருந்தாள். ஒரு நாள் முழுக்கத் தாங்கும் தண்ணீர், மதியத்துக்குள் சொட்டு இல்லாமல் போயிருந்தது. காற்று அவ்வளவு வறண்டிருந்ததால் குப்பி வற்றியது. குப்பி வற்றியதால் கருவி காற்றை ஈரமென்று காட்டியது.

பிற்பகலில் காற்று எழுந்தது. புகை வாசம் வந்த பிறகுதான் அத்தை ஓடிப்போய் அந்தத் திரியைத் தொட்டுப் பார்த்தாள். தோட்டத்துத் தீ அடங்கிய பிறகு மாமாவின் உடலை வேலியோரம் கண்டெடுத்தார்கள்.

நான் அப்போது ஏதோ ஒரு துறைமுக நகரத்து விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஊர் சுற்றி அலுத்துத் திரும்பி வந்தபோது அத்தை வேலையை விட்டிருந்தாள். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டால்கூட, "நீயே போய்ப் பாரு" என்பாள்.

ஒரே ஒரு ஆறுதலைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமாவுக்குச் சருகு தெரியாதாடி? சந்தேகம் வந்திருந்தா என்னைக் கேக்காம இருப்பாரா? அவருக்கும் ஈரமாத்தான் தெரிஞ்சிருக்கு. அவரு கையும் ஏமாந்துடுச்சு."

நான் தலையாட்டுவேன்.

பயணத்தில் என் போன் உடைந்துவிட்டது. மாமாவின் ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த போனை எடுத்துச் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்தேன். சற்று நேரத்தில் சமையலறையில் அத்தையின் போன் ஒலித்தது. அன்று தோட்டத்து மேட்டில் சிக்னல் இல்லாமல், போகாமலே நின்றுவிட்ட மாமாவின் குரல்செய்தி. அத்தை ஈரக்கையோடு அதைத் தொட்டாள்.

"ஏய், பலகையில பச்சையாமே? இங்க சருகு தொட்டாலே பொடியாகுது. உன் கருவியை இன்னொரு தடவை பாத்துச் சொல்லு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கறேன். நீ ஒண்ணும் சொல்லலைன்னா, நீ அளந்ததுதான் சரின்னு கொளுத்திடுவேன்."